கைமா வைத்த உருளைக்கிழங்கு

டப்பாவைத் திறந்த ஷமீனா சட்டென்று மூடி, மறுபடியும் திறந்து பார்த்தாள். நேற்று மாலை பள்ளம் தோண்டி வைத்த பச்சை உருளைக்கிழங்கு இப்போது பதமாக வெந்திருந்தது. பள்ளம் நிறைய மட்டன் கைமா. அதன் தலையில் ஒரு புதினா இலை வேறு.

சிதம்பரம் பள்ளிக்கூடம் ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு அது. கடைசி பெஞ்சில் ஹெட்மாஸ்டர் ராபர்ட் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டினால்தான் வேலை. இதற்குமுன் இரண்டு பள்ளிகளில், "மனப்பாடமா ஒப்பிக்கிறீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் கடலூரில் மாமாவின் துணிக்கடையில் பில் போட வேண்டியதுதான். வீட்டில் அப்படித்தான் முடிவு. துணிக்கடை ஒன்றும் நரகமில்லை. ஆனால் அவள் உயிரியல் படித்தது சுடிதார் மடிக்கவா?

பச்சைக் கிழங்கில் சர்க்கரைப்பாகு ஊற்றித் தண்ணீரில் வைத்தால், தண்ணீர் கிழங்குக்குள் ஏறிப் பள்ளத்தை நிரப்பும். அதைத்தான் காட்ட வந்தாள். வெந்த கிழங்கில் அது நடக்காது. பாழாய்ப்போன உம்மா! சமையலறையில் எதையும் பச்சையாக விட்டுவைக்க அந்தக் கைக்குத் தெரியாது.

"மிஸ், வாசன தூக்குது!" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. ஷமீனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படித்து வைத்திருந்த பாடம் அதோடு மறந்தும் போனது.

கைமாவை டப்பா மூடியில் வழித்து வைத்துவிட்டுக் கிழங்கை இரண்டாக வெட்டினாள். மஞ்சளும் மிளகாயும் உள்ளே வெகுதூரம் இறங்கியிருந்தன.

"யார்கிட்டயாச்சும் பச்சைக் காய் இருக்கா?"

இலக்கியா என்ற பெண் டிபன் டப்பாவிலிருந்து வெள்ளரித் துண்டுகளை நீட்டினாள். மாங்காய்க்கென்று ஒளித்து வைத்திருந்த உப்பு மிளகாய்ப்பொடிப் பொட்டலமும் யார் பையிலிருந்தோ வெளியே வந்தது. துண்டுகளின் மேல் தூவிவிட்டு, கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளரிக்கு வியர்த்துக் கொட்டியது. துடைத்துவிட்டு நறுக்கினால் உள்ளே வெள்ளையாகவே இருந்தது.

"உயிருள்ள செல்லுக்கு ஒரு சவ்வு இருக்கு. அது வாசல்ல நிக்கிற காவக்காரன். தண்ணிய சுலபமா விடுவான். உப்பு, மொளகாயெல்லாம் நெனச்சபடி உள்ள நுழைய முடியாது. வெளிய உப்பு ஜாஸ்தியானா உள்ள இருக்கிற தண்ணி அந்தப் பக்கம் போயிடும். அதான் வெள்ளரி அழுவுது."

"உருளக்கெழங்குல மசாலா எப்டி மிஸ் போச்சு?"

"வேகவச்சா சவ்வு கிழிஞ்சிடும். அப்பறம் யார் வேணா போலாம், வரலாம்."

மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ராபர்ட் மேசையருகே வந்தார். "ரெண்டையும் வச்சு ஒப்பிட்டுக் காட்டணும்னு பிளான் பண்ணீங்களா?"

பொய் சொல்ல நாக்கு துடித்தது. "இல்ல சார். எங்கம்மா சாப்பாடுன்னு நெனச்சிட்டாங்க."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஒப்பிக்காம பேசினீங்க பாருங்க, அது போதும். திங்கக்கெழம வந்து சேந்துக்கங்க." பிறகு சங்கோஜத்தோடு டப்பாவைப் பார்த்தார். "இது வீணாப் போவுமேம்மா?"

பேருந்து நிலையத்திலிருந்து ஷமீனா வீட்டுக்குப் போன் போட்டு, நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் ஆசியா உம்மாள். "உப்பு கொஞ்சம் தூக்கலாயிடுச்சோன்னு காலையிலேர்ந்து பதறிக்கிட்டு கெடக்கறேன். சாப்ட்டியா புள்ள?"

"எங்க சாப்பிடறது? ஹெட்மாஸ்டர் மிச்சம் வைக்காம சாப்பிட்டுட்டாரு."

அந்தப் பக்கம் உம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப வேல உனக்குக் குடுத்தாரா, எனக்கா?"