பசுபதி பெட்டியில் பதினோரு பேர்

ப்ரியம்வதா நீட்டிய தாளை ஏசுராஜ் வாங்கவில்லை. வேண்டுமானால் மேசையில் வைத்துவிட்டுப் போகட்டும் என்று டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கம்தான் அங்கிள். நீங்க தமிழ்லயே படிங்க. நான் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லிடறேன்."

"எழுதுனதும் நீங்க, சொல்லப்போறதும் நீங்க. நடுவுல நான் எதுக்கும்மா?"

ஏசுராஜுக்கு எழுபத்திரண்டு வயது. தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டியவர். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. மகள் ஜெபராணி கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்து அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவுக்குக் கூட்டி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சர்க்கரை வந்து இருபது வருஷம். தினமும் ஊசி. வயசானவர்களுக்கான அரசாங்கக் காப்பீட்டுக்கு அவர் இன்னும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டுமாம். அதுவரைக்கும் என்று மருமகன் சைலஸ் எடுத்துக் கொடுத்த காப்பீட்டில் பழைய நோய்க்கு இடமில்லையாம். டெக்சாசுக்கு வந்து இறங்கிய பிறகு ஒரு புது நோயாகப் பார்த்துப் பிடித்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆகவே அவர் உயிர் பசுபதியின் பெட்டியில் வந்துகொண்டிருந்தது. பசுபதி வேலை விஷயமாக நாலு மாசத்துக்கு ஒரு முறை சென்னை போய் வருகிறவன். திரும்பும்போது இந்த ஊரில் பதினோரு கிழடுகளுக்கு மருந்து கொண்டு வருவான். ஊசி மருந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில், மாத்திரைகள் முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில். கூலி வாங்க மாட்டான். அதற்குப் பதிலாகப் பார்க்கிற இடத்திலெல்லாம் கும்பிடு வாங்கிக்கொள்வான்.

அதே தெருவில் இருக்கும் ப்ரியம்வதா கேட்பது வேறு. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா என்று ஆயுசுக்கும் கூட வருகிற நோய்க்கெல்லாம் மருந்துக் கடையில் இலவசமாக மருந்து தர வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும். மனு எழுதி ஊருக்குள் நானூறு கையெழுத்து வாங்கியிருந்தாள். இன்றைக்கு நூலகத்தில் கூட்டம்; அங்கே அவர் படிக்கத்தான் இந்தத் தாள். மாநிலச் சட்டசபை உறுப்பினரின் உதவியாளர் வருகிறாள்.

சும்மா ஒருத்தி இவ்வளவு அலைவாளா? இதில் அவளுக்கு என்ன லாபம் என்று ஏசுராஜ் ஒரு மாசமாக யோசித்தும் பிடிபடவில்லை. பிடிபடாததால் சந்தேகம் இன்னும் கூடியிருந்தது. கடைசியில் தாளை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"'பேத்தியின் பால் செலவுக்காக நான் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறேன்.' நான் எப்பம்மா உடைச்சேன்? எனக்கு ஊசில்லா!"

"கேக்கறவங்க மனசுல படணும்ல அங்கிள்."

"வாசல்ல ரெண்டு காரு நிக்கி. இந்த வீட்டுப் பிள்ளை பாலுக்கு அழுதுச்சாக்கும்? பசுபதி பெட்டியில வருதுன்னு உள்ளதைச் சொல்லிரட்டுமா?"

ப்ரியம்வதாவின் முகம் வெளுத்தது. "ஐயோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க. எங்க அம்மா மருந்தும் அதுலதான் வருது."

சோபாவிலிருந்து சைலஸ் தலையைத் தூக்கினான். "மாமா, நீங்க எதையுமே பேச வேண்டாம். உங்க செலவுக்கு நான் பொறுப்புன்னு ஸ்பான்சர் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நான். நீங்க கவர்மென்ட் கிட்ட ஃப்ரீயா எதாவது கேட்டா என் கழுத்துக்குத்தான் வரும்."

"உங்க கழுத்து எனக்கு எதுக்கு மாப்ள? நீங்களே வச்சுக்கிடுங்க."

அவன் மட்டும் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் ஏசுராஜ் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கவே மாட்டார்.

நூலகத்தில் அறுபது நாற்காலி, ஒரு தட்டு சமோசா. உதவியாளர் கண்ணாடி போட்ட அமெரிக்கப் பெண். ப்ரியம்வதா பேசி முடித்ததும் பத்ரி எழுந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம், வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம். அவன் இங்கிலீஷில் பேசியதை ஜெபராணி அப்பாவின் காதில் சொன்னாள்: "வயசானவங்களையும் அவங்க வியாதியையும் சேத்துக் கூட்டிட்டு வந்துட்டு, வரி கட்டறவன் தலையில கட்டறது நியாயமான்னு கேக்கறான்."

ஏசுராஜுக்குப் பல் நறநறவென்றது.

அடுத்ததாக உதவியாளர் ஒரு கேள்வி கேட்டாள். கையெழுத்துப் போட்ட நானூறு பேரில் இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் யார் யார்? இங்கே இருந்தால் கை தூக்க முடியுமா?

ஒரு கை எழவில்லை. எப்படி எழும்? கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் காலையில் ஓடி, சாயங்காலம் டென்னிஸ் ஆடுகிறவர்கள். நோய்க்காரர்கள் பதினோரு பேரும் கிரீன் கார்டுக்கு ஏதாவது வந்துவிடும் என்று பேனாவைத் தொடவில்லை. ஏசுராஜும்தான் தொடவில்லை. உதவியாளர் தாளில் என்னவோ எழுதிக்கொண்டாள். அவள் எழுதிய விதத்திலேயே இது குப்பைக்குப் போகிற காகிதம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ப்ரியம்வதா அவரைக் கூப்பிட்டாள். எழுந்து போனார். தாளைப் பிரிக்கவில்லை.

"எனக்குச் சர்க்கரை. ரெண்டு வருசமா இந்த ஊர்ல ஒரு கடையில கூட நான் மருந்து வாங்குனதில்ல. வாங்க முடியல. ஊர்ல இருந்து பெட்டியில திருட்டுச் சாமான் மாதிரி வருது. அதான் விசயம்."

ப்ரியம்வதா மைக்கைப் பிடித்துச் சிரித்த முகமாக இங்கிலீஷில் சொன்னாள். அதில் 'தேங்க்ஃபுல்' என்று ஒரு சொல் வந்தது. அது ஏசுராஜுக்குத் தெரிந்த சொல். நவம்பர் மாசம் நன்றித் திருநாள் வந்தால் சர்ச்சில் முழுக்க அதைத்தான் சொல்வார்கள். மைக்கை அவள் கையிலிருந்து பிடுங்கினார்.

"நோ தேங்க்ஃபுல்! ஐ சுகர். மெடிசின் இந்தியா. ஒன் மேன் பிரிங். சூட்கேஸ். லெவன் பீப்பிள்." விரலை நீட்டினார். "ஹிஸ் மதர் ஆல்சோ."

விரல் நின்ற இடம் பத்ரி.

கூடம் சந்தைக்கடை ஆகிவிட்டது. பத்ரி எழுந்து, "கிழத்துக்குப் புத்தி பிசகிடுச்சு! யாராவது உக்கார வைங்க!" என்று கத்தினான்.

"பிசகலய்யா. உங்கம்மா பிரஷர் மாத்திரையும் என் ஊசியும் ஒரே பெட்டியிலதான் வந்துச்சு. பசுபதி வீட்டு வாசல்ல நீயும் நானும் ஒரே வரிசையிலதான நின்னோம்? நீ கையில பை கூட கொண்டு வரல. முறுக்குக் கவர்ல போட்டுத்தான எடுத்துட்டுப் போன?"

உதவியாளர் இப்போது நிஜமாகவே எழுத ஆரம்பித்திருந்தாள். அருகில் வந்து, கொண்டு வருகிறவர் பேர் என்ன என்று கேட்டாள். பின்வரிசையில் பசுபதி தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஏசுராஜ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நேம் ஏசுராஜ். ஒன்லி ஏசுராஜ்." மனுத்தாளை இழுத்து, நானூறு பேருக்குக் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 'சுகர்' என்றும் எழுதினார்.

கார் நிறுத்துமிடத்தில் பசுபதியும் அவன் மனைவி நாகலக்ஷ்மியும் வழிமறித்தார்கள்.

"பேரைச் சொல்லாம விட்டீங்க, சரி. ஆனா இனிமே ஒருத்தருக்கும் ஒரு மாத்திரை கொண்டு வரமாட்டேன் சார்" என்றான் பசுபதி. "எனக்கும் குடும்பம் இருக்கு."

"நீங்க கெட்டது போதாதுன்னு பத்து குடும்பத்துச் சோத்துல மண்ணப் போட்டுட்டீங்க" என்றாள் நாகலக்ஷ்மி.

"எத்தனை நாளைக்குவே கொண்டு வருவீரு?" என்றார் ஏசுராஜ். "நாளைக்கு உமக்கு வேலை போச்சு, நெஞ்சு வலி வந்துச்சுன்னா நாங்க பதினோரு பேரும் வரிசையாப் போய்ப் படுத்துக்கிடணுமா?"

பசுபதி கார்க்கதவை அறைந்து சாத்தினான். ஏசுராஜ் காரில் ஏறி, மிச்சமிருக்கும் ஊசி மருந்தை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று வாரத்துக்குத்தான் மருந்து இருந்தது. 

திங்கட்கிழமை காலை ஜெபராணி லீவு போட்டு, காப்பீடு இல்லாதவர்கள் போகிற தரும கிளினிக்குக்கு அப்பாவைக் கூட்டிப் போனாள். உள்ளே நுழைந்ததும் ஏசுராஜுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டிக்காரர்களில் ஆறு பேர் அங்கே நாற்காலியில் இருந்தார்கள். அத்தனை முகமும் சுவர்ப்பக்கம் திரும்பியது. மூலையில் தன் அம்மாவோடு ப்ரியம்வதா உட்கார்ந்திருந்தாள்.

கவுண்டரில் இருந்தவள், டாக்டரைப் பார்க்க ஐந்து வாரம் ஆகும் என்றாள். மூன்று வார மருந்தை வைத்துக்கொண்டு ஐந்து வாரம். ஜெபராணி கெஞ்சினாள். யாராவது ரத்து செய்து இடம் காலியானால் கூப்பிடுகிறோம், உட்காருங்கள் என்றார்கள்.

ஏசுராஜ் உட்காரவில்லை. நேரே ப்ரியம்வதாவிடம் போனார்.

"அந்த மனுத்தாள் பையில இருக்கா?"

"உங்களோட பேசவே எனக்குப் பிடிக்கல அங்கிள்."

"பேச வேண்டாம். தாளை எடு. பேனாவையும் எடு."

அவள் அசையவில்லை. அவள் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த, மனுத்தாள் செருகிய அட்டையை அவரே உருவினார். ஆறு பேரின் முன்னாலும் நடந்துபோய், முதலில் பத்ரியின் அம்மாவின் மடியில் வைத்தார்.

"உங்க மூஞ்சியில முழிச்சதுக்கு எனக்கு இது வேணும்" என்றாள் அந்த அம்மாள். "பையன் ரெண்டு நாளா எங்கிட்டப் பேசல. பேசாம வீட்டுல கிடந்திருப்பேன்."

"கிடந்திருப்பீய. எத்தனை நாளைக்கு?"

அவள் அவரை முறைத்தாள். முறைத்துக்கொண்டே, பேனா எங்கே என்று கையை நீட்டினாள்.