இல்லாமல் இருக்கப் பழகிய பெற்றோர்

அந்த ஊரில் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் பறந்தார்கள். இருக்கிற பிள்ளைகள் பேருந்துக்கு நின்றார்கள். பள்ளிக்கூடம் மொட்டைமாடியில் ஒரு வாசல் திறந்தது. பறக்கிற பெண்களின் சீருடைப் பாவாடை காற்றில் மேலேறாமலிருக்க, ஓரத்தில் ஈயக்குண்டு வைத்துத் தைத்தது ஒரு தையல்கடை. தீப்பிடித்த மாடியிலிருந்து ஆட்களை இறக்கியது பறந்தவர்கள்தான்; செய்தித்தாளில் படம் வந்ததும் அவர்களுக்குத்தான். தையல்கடைக்காரர் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த, அப்பா அம்மா இல்லாத பஞ்சுவின் படம் வந்த அன்று, மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போய்த் தொலைஞ்சா என்ன?"

பெற்றோர் மூன்று நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு, வாரத்தில் நாலு நாள் இல்லாமல் இருக்க ஒப்புக்கொண்டார்கள். பின்னறையில் மூச்சுக் காட்டாமல் பட்டன் தைத்தார்கள். இரண்டு வருடத்தில் மகளின் குதிகால் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்தது. அதற்குமேல் போகவில்லை. அப்பா இல்லாமல் இருப்பதில் நன்றாகத் தேர்ந்துவிட்டார். பட்டன் தைத்த சட்டைகள் மட்டும் வெளியே வந்தன. அம்மாவுக்கோ தும்மலை அடக்க முடிந்தது, "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியாடி?" என்பதை அடக்க முடியவில்லை. கேட்டதும் மகள் தொப்பென்று விழுவாள்.

பஞ்சு மாதந்தோறும் அளவு கொடுக்க வந்தாள். வளராத மாதங்களிலும் வந்தாள். வாயில் குண்டூசிகளோடு அளவெடுக்கும் அம்மா, நாடாவைப் பார்ப்பாளே தவிர ஆளைப் பார்க்கமாட்டாள். ஒருநாள் பழக்கதோஷத்தில் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "கூன் போடாதடி. தலையப் பாரு, காக்கா கூடு மாதிரி. காலைல சாப்பிட்டியா இல்லியா?"

பஞ்சுவின் பாதம் தரையில் பட்டது. "இல்லம்மா," என்றாள். பிறகு, மெதுவாக, "இன்னும் கொஞ்சம் திட்டுங்களேன்."

மூலையில் குண்டு கோத்துக்கொண்டிருந்த மகளுக்கு வயிறு எரிந்தது. எரிச்சல் நெஞ்சுக்கு ஏறுவதற்குள் அவள் தலை கூரையில் இடித்தது.

அந்த அம்மா ஒரு நேரத்தில் ஒருத்திக்குத்தான் போதுமானவள் என்று ஊருக்கு இப்படித்தான் தெரிந்தது. அதன்பிறகு இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி பறக்கிற வாரம் மற்றவள் திட்டு வாங்கினாள். சன்னலைக் கடக்கும்போது மேலே போகிறவள் கீழே பார்ப்பாள். சிக்கெடுக்கத் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவள் மேலே பார்ப்பாள். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான்.

"கொடுத்து வச்சவ."