சாமி முகத்துக்கு நேரே ஓர் ஓட்டை

சுவரில் ஓட்டை விழுந்ததும் லம்துவான் குனிந்து அதன் வழியே பார்த்தாள். நேர் எதிரே முற்றத்தில், மனையைக் காக்கும் நிலச்சாமிக்கு ஒற்றைத் தூண்மேல் நிற்கும் குட்டிக் கோயில்.

"அண்ணே, வெளிப்பெட்டிய இங்கயா மாட்டுவீங்க?"

"ஆமாம்மா. இங்கன்னா பைப் கம்மியா ஆகும்" என்றான் ஏசி மாட்ட வந்த உதோம்.

"அனல் பூரா சாமி மூஞ்சியிலதானே அடிக்கும்?"

கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவன் விச்சாய் சிரித்தான். "சாமிக்கும் ஒரு ஏசி வாங்கி மாட்டிட்டா போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தை கூங் வயிற்றில் இருந்தபோது சில நாள் சாமிக்குப் படையல் வைக்க மறந்துபோனாள். அப்போதே ரத்தம் பட்டது. பிள்ளை தங்கியதே பெரும்பாடு. இப்போது இந்த ஏப்ரல் வெயிலில் அந்தப் பிஞ்சுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அதற்காகத்தான் ஏசியே. பிள்ளைக்கென்று வாங்கியது பிள்ளைக்கே வினையாகக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

உதோம் முணுமுணுத்துக்கொண்டே வாய்க்கால் பக்கச் சுவரில் இன்னோர் ஓட்டை போட்டு அங்கே மாட்டினான். கொண்டுவந்த பூச்சுக் கலவை புது ஓட்டையை அடைக்கவே சரியாகிவிட்டது.

"பழச நாளைக்கு வந்து பூசிடறேன்."

மெக்கானிக் சொல்லும் நாளை எந்த ஊரில் விடிந்திருக்கிறது? விச்சாய் ஓட்டையின்மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டான். அவனைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

அந்த வாரக் கடைசியில், ஒரு மத்தியானம். கூங் அந்தச் சுவரோரமாகத் தரைமெத்தையில் கைகாலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. விச்சாய் முற்றத்தில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். காலண்டர் தாள் படபடத்தது. ஏசிக் காற்றுதான் என்று லம்துவான் ஏசியை நிறுத்தினாள். அப்புறமும் தாள் அசைந்தது.

சாமிக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அவளுக்குப் பட்டது. சுவரைப் பார்த்து மண்டியிட்டு, கைகூப்பிக் கண்ணை மூடினாள். "ஓட்ட போட்டது எங்க தப்பு. உனக்குப் பிடிச்ச சிவப்பு சோடாவும் முட்டையும் படைக்கிறேன். பிள்ளைய ஒண்ணும் பண்ணிடாத."

காலண்டர் பக்கமிருந்து தொப்பென்று ஏதோ விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது அது அவளுக்கும் குழந்தைக்கும் நடுவில் இருந்தது. கருநாகம். படம் விரித்து, ஆடும் குட்டிக் கையையே பார்த்திருந்தது. பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். அவள் வீடே அதிரும்படி அலறினாள்.

விச்சாய் மூங்கில் கழியோடு ஓடிவந்தான். ஓங்கிய கை பாதியில் நின்றது. வீட்டுக்குள் வரும் பாம்பு நிலச்சாமியேதான், அடித்தால் குடி விளங்காது என்பது அந்தச் சந்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாமிக்கு ஏசி வாங்குகிறேன் என்றவனின் முகம் வெளுத்துவிட்டது.

"லம்துவான்... சாமியே வந்திருக்கோ என்னவோ. கும்பிட்டுக் கேளு, போயிடும்."

கூங் சிரித்துக்கொண்டே பாம்பை நோக்கிக் கையை நீட்டியது.

இத்தனை நாள் சாமி முகத்தில் சூடு படாமல் காத்தவள் கூப்பிய கையைப் பிரித்தாள்.

"அடிடா" என்றாள்.