காணாத வீட்டுக்கு ஒரு சாட்சி

செந்தூர்பாண்டி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கையோடுதான் அந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். போலீஸ் ஏட்டையா அதைக் கடைப் பலகையின் மேல் விரித்து, "இங்கன ஒண்ணு, கீழ ஒண்ணு" என்று விரலால் காட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று இவர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த செந்தூர்பாண்டி, நாலு வருஷமாய் அவர்களுக்குக் கைக்கெட்டிய சாட்சி. ஒரு வீட்டில் திருட்டுப் பொருளைக் கைப்பற்றினால், 'எங்கள் கண்முன்னே எடுத்தார்கள்' என்று வெளியாள் இரண்டு பேர் மகஜர் என்னும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பொருளை அதிகாரிகளே கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கிருந்து எடுத்ததாக எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே சட்டம் அப்படி ஒரு காவலை ஏற்படுத்தியிருந்தது. செந்தூர்பாண்டிக்கு அதெல்லாம் தெரியாது. கையெழுத்துப் போட்டால், விளக்கு இல்லை, டபுள்ஸ் போனார்கள் என்று தன் கடைச் சைக்கிள்களைப் பிடிக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

இந்த முறை மாட்டியவன் ஜீவமணி. பருவத்தில் சங்கு குளிப்பவன். மற்ற மாதங்களில் துறைமுகத்தில் கல் வேலை பார்ப்பவன். கல் சரிந்து கால் நசுங்கிய ஒருவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் நிழலில் கிடத்தியிருந்ததைக் கண்டு, மேஸ்திரியிடம் சத்தம் போட்டான். அடுத்த வாரம் ஷெட்டில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போயிற்று. மேஸ்திரி அவனைக் கைகாட்டினான். சுருள் அவன் வீட்டில் கிடைத்ததாகப் போலீஸ் எழுதிய மகஜர்தான் செந்தூர்பாண்டி கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம். ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் ஜீவமணி மூன்று மாதம் சிறையில் கிடந்தான்.

வழக்கு விசாரணைக்கு வர நாலு நாள் இருக்கும்போது, ஒரு பெண் கடை முன்னால் வந்து நின்றாள்.

"செந்தூர்பாண்டி அண்ணாச்சி நீங்கதானா? நான் ஜீவமணி பொஞ்சாதி, ஜெயபாய்."

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "போலீஸ் கேசும்மா அது. எங்கிட்ட வந்து என்ன பிரயோசனம்?"

"உங்ககிட்ட ஒண்ணும் கேட்டு வரல. எங்க வீட்ல கம்பிய எடுக்கும்போது நீங்க பாத்துக்கிட்டு நின்னியளாம். வக்கீலய்யா வாசிச்சுக் காட்டினாவ. அன்னைக்குப் பூரா நான் வீட்லதான் இருந்தேன். நீங்க எங்கன நின்னு பாத்திய அண்ணாச்சி?"

கோபமே இல்லாத குரல். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவளைப் போல இருந்தது. செந்தூர்பாண்டி ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குள்ளே போனார். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் ஏட்டையா வந்தார். "வே, அந்த வீட்ட ஒரு நட போய்ப் பாத்துட்டு வாரும். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எந்த மூலையில, எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிடும். எதிர்வக்கீல் குறுக்க கேட்டா முழிக்கப்படாது."

பொய்யைப் பிசகில்லாமல் சொல்வதற்காகத்தான் செந்தூர்பாண்டி அன்று மத்தியானம் ஜீவமணியின் ஊரான மாப்பிள்ளையூரணிக்குச் சைக்கிள் மிதித்தார். ஜெயபாய் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தாள். உண்மையை அறிய வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்து, அவளே உள்ளே கூட்டிப் போய்க் காட்டினாள்.

"அடுப்புக்குப் பின்னால இடுப்பளவு குழி தோண்டி எடுத்ததா எழுதியிருக்கு. இதுதான் அந்த இடம்." விறகை ஒதுக்கிவிட்டு ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து நீட்டினாள். "நீங்களே தோண்டிப் பாருங்க."

அவர் ஓங்கிக் குத்தினார். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கடப்பாரை டங்கென்று நின்றது. தள்ளிக் குத்தினார். அங்கேயும் பாறை. அந்த வீடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறையின் மேல் நின்றது. அங்கே இடுப்பளவு குழி தோண்ட வெடிதான் வைக்க வேண்டும்.

"வந்து பாத்தியளே, அதுவே போதும் அண்ணாச்சி" என்றாள் ஜெயபாய். "கண்ணால பாத்தவிய மாத்திச் சொல்ல மாட்டிய."

திரும்பும் வழியில் அவரால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் கூண்டில் ஏறினார். அரசுத் தரப்பு வக்கீல் வழக்கம்போலக் கேட்டார்: "மகஜர் எழுதும்போது நீங்க அந்த வீட்ல இருந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியே பழகிய வாய் அது. எதிரே ஜீவமணி நின்றான். அவன் முகத்தை இப்போதுதான் செந்தூர்பாண்டி முதன்முதலாகப் பார்க்கிறார்.

"இல்லய்யா. அந்த வீட்ட நான் நேத்துதான் மொத தடவையா பாத்தேன்."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "அப்போ இந்தக் கையெழுத்து?"

"எங் கையெழுத்துதான். எங் கடையில வச்சுப் போட்டது. என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கல. அந்தத் தரையில ஒரு சாணுக்கு மேல கடப்பாரை இறங்காது அய்யா. நேத்து நானே குத்திப் பாத்தேன்."

"பொய்ச் சாட்சிக்கு ஜெயில் உண்டு, தெரியுமா?"

"இப்பத் தெரியுது. குடுத்தா வாங்கிக்கிடுதேன்."

மறுவாரம் ஜீவமணி விடுதலையானான். மாஜிஸ்திரேட் செந்தூர்பாண்டியைக் கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டார். அதற்குள் அவருடைய மூன்று சைக்கிள்கள் ஸ்டேஷனுக்குப் போயிருந்தன. சங்குப் பருவமும் முடிந்துபோயிருந்தது.

கோர்ட்டு வாசலில் அவர் ஜீவமணியைப் பார்த்துக் கும்பிட்டார். "தம்பி, மன்னிச்சிரு."

ஜீவமணி நின்றான். "உள்ள கிடந்தப்போ மேஸ்திரி மேலயோ ஏட்டையா மேலயோ எனக்கு அவ்வளவு கோவம் வரல அண்ணாச்சி. மொகந்தெரியாத ஒரு ஆளு, எங்க வீட்டுக்குள்ள நின்னு பாத்தேன்னு எழுதியிருக்காரே, அவருக்கு நான் என்ன செஞ்சேன்னுதான் ராப்பகலா நெஞ்சு வெந்துச்சு."

"நீ ஒண்ணும் செய்யல தம்பி. ஒரு கையெழுத்துதானன்னு நெனச்சுட்டேன்."

"பொய்க் கேசு எழுத ஒரு கெட்டவன் போதும். ஆனா அது கோர்ட்டுல நிக்கணும்னா, பாக்காதத பாத்தேன்னு சொல்லுததுக்கு ஒரு நல்ல மனுசன் வேணும். அந்த நல்ல மனுசனா மட்டும் இனி யாருக்கும் இருக்காதிய."

ஜெயபாய் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள்.