நூற்றெண்பத்தெட்டிலிருந்து நீலம்

நூற்றெழுபத்தெட்டாம் பக்கம் பாதி எழுத்தும் பாதி வெள்ளையுமாக வெளியே வந்து விழுந்தபோது என் மனைவி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. அன்றைக்குப் புத்தகக் கண்காட்சியின் கடைசி நாள். அங்கே ஒரு பதிப்பகத்தின் கடையில், முதல் நாவல் எழுதியவர்களிடமிருந்து நாலு மணி வரைக்கும் பிரதி வாங்கிக்கொள்வார்கள். தாளில் அச்சடித்துத்தான் தர வேண்டும், ஈமெயில் கிடையாது. இதை விட்டால் அடுத்த வருஷம்தான். அவள் நாவல் மொத்தம் இருநூற்று முப்பத்தாறு பக்கம்.

அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். நாலு வருஷமாகத் தினமும் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, ஆறரை வரை சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். நான் அதில் ஒரு வரி படித்ததில்லை. "முழுசா முடி, படிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், காசு செலவில்லாத நல்ல பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நான் அப்படி நினைக்கிற ஆள்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் எனக்கு வேலை, அங்கே எல்லோரும் என்னை 'ஆஃப்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குக் கை அரிக்கும்.

வெள்ளிக்கிழமையே அவள் கடையில் பிரிண்ட் எடுத்துவிடலாம் என்றாள். "வீட்ல பிரிண்டர எதுக்கு வச்சிருக்கோம், அழகு பாக்கவா?" என்று கேட்டவன் நான்தான். கறுப்புக் கார்ட்ரிட்ஜ் போன மாதம்தான் புதிதாகப் போட்டது. அதன் விலை பிரிண்டர் விலையில் பாதிக்கு மேல். முதல்முறை அந்த விலையைக் கேட்டபோது, "உள்ள வெறும் மைதானா, வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டே விட்டேன். இதைப் போட்டதிலிருந்து நேற்று வரை முப்பது தாள்கூட எடுக்கவில்லை. அது எப்படித் தீரும்? அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பகுதியில் கார்ட்ரிட்ஜ் விற்பவர், பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவர் எல்லோரும் கதவை இழுத்து மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற நாள்.

"இரு, பதறாத" என்றேன். பதறிக்கொண்டிருந்தது நான்தான். கார்ட்ரிட்ஜைக் கழற்றி நாலு குலுக்குக் குலுக்கினேன். அடியில் மை உறைந்து அடைத்திருந்தாலும் இருக்கலாம் என்று, அவள் தலை காயவைக்கிற ஹேர் டிரையரை எடுத்து வந்து இதமான சூட்டில் இரண்டு நிமிஷம் காட்டினேன். திரும்ப மாட்டி, தாளை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். வந்தது! நூற்றெழுபத்தெட்டு, கன்னங்கரேலென்று முழுசாக வந்தது. நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. எழுபத்தொன்பது, எண்பது, எண்பத்தொன்று என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சத்தம் போட்டோம். நூற்றெண்பத்தேழு வரைக்கும் இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்தோம். அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. சிவப்பு விளக்கு கண்ணடித்தது.

அப்போதுதான் பிரிண்டரோடு வந்த சின்னப் புத்தகம் ஞாபகம் வந்தது. புதுசு கலையாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் வைத்திருந்தேன். கிழித்துப் புரட்டினேன். பதினாலாம் பக்கத்தில், தடித்த எழுத்தில் இருந்தது: அதன் சொந்தப் பட்டனை அழுத்தித்தான் பிரிண்டரை நிறுத்த வேண்டும், சுவரில் பிளக்கைப் பிடுங்கி நிறுத்தக் கூடாது. பிடுங்கினால் மை தெளிக்கிற முனை மூடப்படாமல் காய்ந்துபோகும். மறுபடி கரண்ட் வரும்போதெல்லாம் பிரிண்டர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். சுத்தம் செய்வது மையால்.

நான் சுவரில் இருந்த பிளக்கைத் திரும்பிப் பார்த்தேன். விளக்கு, லேப்டாப், பிரிண்டர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான். நான் தினமும் படுக்கப் போகும்போது அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். அவள் காலையில் எழுதுவதற்காக மாட்டுவாள். டார்ச் அடித்து பிரிண்டரின் பின்பக்க இடுக்கில் பார்த்தேன். உள்ளே ஒரு பஞ்சு மெத்தை, கழிவு மையை உறிஞ்சுவதற்காக. கறுப்பில் ஊறிப்போய்ப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

அசடு வழிய எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப தினம் காலைல அது கர்ர் கர்ர்னு தொண்டைய செருமினது?"

"மை குடிச்சிருக்கு."

"நான் ஒரு வரி யோசிக்கறதுக்குள்ள அது ஒரு பக்கத்துக்கு உண்டான மையக் குடிச்சிருக்கு. நீங்க கரண்ட்ட மிச்சம் பிடிச்சிருக்கீங்க." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, கண் கலங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவளுக்கு உதவியாக நின்றேன், அதுவும் இந்த லட்சணம்.

குனிந்த இடத்தில் மேஜைமேல் பதிப்பகத்தின் விதிமுறைத் தாள் கிடந்தது. பன்னிரண்டு அளவு எழுத்து, ஒரு பக்கம் மட்டும், எழுத்து தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். இரண்டு தடவை படித்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏய், கறுப்புன்னு எங்கயும் போடலடி!"

கலர் கார்ட்ரிட்ஜை நாங்கள் தொட்டதே இல்லை. அதுவும் பிளக் உபயத்தில் தன் பங்குக்குக் குடித்திருந்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் காட்டியது. அவள் லேப்டாப்பில் எல்லா எழுத்தையும் நீலமாக்கினாள். நூற்றெண்பத்தெட்டாம் பக்கம் நீலத்தில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பேனா மை மாதிரி, பார்க்கவே அழகாக இருந்தது. நீலம் போனால் ரோஸ் இருக்கிறது. மஞ்சளை நம்ப முடியாது, வெள்ளைத் தாளில் அது கண்ணுக்கே தெரியாது. எப்படிப் பார்த்தாலும் இன்னும் முப்பத்தைந்து பக்கம் வரும். வேண்டியது நாற்பத்தெட்டு.

"பதிமூணு பக்கத்த வெட்டணும்" என்றேன்.

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "நீங்களே வெட்டுங்க. மிச்சம் பிடிக்கறதுல நீங்கதானே கெட்டிக்காரர்."

கோபத்தில்தான் சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன். முதலில் கொஞ்சம் வேகமாகத்தான் ஆரம்பித்தேன். 'மிகவும்' என்ற வார்த்தை ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் இருந்தது, இரண்டைத் தூக்கினேன். பிறகு தூக்குவதை மறந்துவிட்டேன். நாவலில் ஒரு கணவன் வந்தான். சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில், குளியலறையில் எரிந்த விளக்கை வெளியிலிருந்து அணைக்கிறான். உள்ளே அவன் சகலை முகமெல்லாம் சோப்போடு நிற்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சகலையை எனக்குத் தெரியும், இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே இப்படி இருந்தது: 'அவனிடம் எதையும் கேட்பதற்கு முன்னால் அவள் அந்த ஆசையைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்வாள்.'

சுருக்கென்றது. அந்த வரியிலேயே நின்றேன். கடையில் பிரிண்ட் எடுக்கலாமா என்று வெள்ளிக்கிழமை அவள் கேட்டது மூன்று பிரதிக்கு இல்லை, அட்டை போட்ட பிரதிக்கும் இல்லை. ஒன்றே ஒன்றுக்கு.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "அந்த அத்தியாயம் சரியா பதிமூணு பக்கம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எடுத்துடலாம். உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"அதுல கை வச்ச, பாத்துக்கோ" என்றேன். "இதுல இதான் பிரமாதம்."

மணி ஒன்று. கண்காட்சிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். நான் விட்ட இடத்திலிருந்து பறந்து பறந்து படித்தேன். கதைநாயகி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஏறுகிறாள், தூங்கிப்போய்த் தெரியாத நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறாள். பெட்டியோடு நிற்கிறாள். பஸ் போய்விடுகிறது. 'எந்தப் பக்கம் போனால் என்ன என்று நினைத்தபோது அவளுக்கு முதன்முறையாகப் பசித்தது.' எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. அதற்கப்புறம் இன்னும் ஒரு அத்தியாயம். அவள் வேலை தேடிக்கொள்கிறாள், எல்லோருக்கும் நீளமாகக் கடிதம் எழுதுகிறாள், எல்லோரும் அவளைப் புரிந்துகொள்கிறார்கள். பதிமூன்று பக்கத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது.

"கதை இங்கயே முடிஞ்சிருச்சே" என்றேன், பஸ் போன இடத்தைக் காட்டி.

"என்ன சொல்றீங்க? அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு எட்டு மாசம் ஆச்சு எனக்கு."

"இருக்கலாம். ஆனா அவ அங்க நிக்கறாளே, அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணும்னு தோணல."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "மைக்காகச் சொல்றீங்களா, கதைக்காகச் சொல்றீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "சத்தியமா எனக்கே தெரியல" என்றேன்.

பஸ் பக்கத்தை அவள் வாய்விட்டுப் படித்தாள். ஒரு தடவை மெதுவாக, இன்னொரு தடவை இன்னும் மெதுவாக. பசித்தது என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடிகார முள் நகர்வது எனக்குக் காதில் கேட்டது. பிறகு குனிந்து, கடைசி அத்தியாயத்தை முழுவதும் தேர்ந்தெடுத்து, ஒரே தட்டில் அழித்தாள். "போடுங்க பட்டன!" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது.

நீலம் முக்கால்வாசி தூரம் வந்தது. பிறகு ஊதா, பிறகு ரோஸ். கடைசி நாலு பக்கத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் மூச்சே விடவில்லை. வர வர வெளுத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் நாலைந்து தடவை துவைத்த துணி மாதிரி வந்து விழுந்தது. தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினோம். பஸ் கிடைத்தது. கூட்டத்தில் அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள், அவள் மேல் யாரும் இடிக்காமல் நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒருவர், "உள்ள கொழந்தையா?" என்று கேட்டார். "ஆமாங்க, நாலு வயசு" என்றேன். அவள் என் காலை மிதித்தாள்.

மூன்று ஐம்பதுக்குப் பதிப்பகத்தின் கடை முன்னால் நின்றோம். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். தாள்கட்டை வாங்கிக் கறுப்பைப் புரட்டினார், நீலத்தில் புருவத்தை உயர்த்தினார், ரோஸ் வந்ததும் நிமிர்ந்தார்.

"என்னங்க இது, மத்தாப்பு மாதிரி?"

"விதியில கலர் பத்தி ஒண்ணும் இல்லீங்க" என்றேன் முந்திக்கொண்டு.

"தெளிவா இருக்கணும்னு இருக்கு. கடைசியில எழுத்தே தெரியலயே. படிக்க முடியலன்னா வாங்கமாட்டோம்மா, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்." கடைசி நாலு தாளைத் தனியாக உருவி எடுத்துக்கொண்டு, மேஜை விளக்கைக் கிட்டே இழுத்தார்.

ஒரு விரலை வரிக்குக் கீழே வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி படிக்க ஆரம்பித்தார். எங்களுக்குப் பின்னால் இருந்தவர் மணி ஆகிறது என்று முனகினார். அம்மாள் முதல் தாளைக் கவிழ்த்து வைத்தார். இரண்டாவதில் உதடு அசைவது நின்றது. மூன்றாவதில் விரலையும் எடுத்துவிட்டார். நாலாவது தாளை விளக்குக்கு வெகு பக்கத்தில் பிடித்துக்கொண்டார், கண்ணாடியில் ரோஸ் வெளிச்சம் தெரிந்தது. என் மனைவி என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த அம்மாள் இடது கையை மேஜைமேல் நீட்டினார். அடுத்த பக்கத்துக்காக, விரல்கள் வெறும் மேஜை விரிப்பைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தன.