ஒரே கோப்பு, இரண்டு பேர்

கணவர் சுந்தரராஜனுக்குச் சட்டை மாட்டிவிடுவதற்குள் வசந்தகுமாரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இடது கை உள்ளே போனால் வலது கை வெளியே வந்துவிடும். அவருடைய பழைய வேலையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வரப்போகிறது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் புதுச் செய்தி கேட்டவராக மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுப்புதான் கூடியது.

வந்தவள் சாம்பவி, யாழ்ப்பாணத்துப் பெண். ஆரம்பகாலக் கணினிப் பொறியாளர்களின் பேச்சைச் சேகரிக்கும் காப்பகத்தில் வேலை. அவர்கள் குடியிருந்த பியர்பொன்ட்ஸ் புறநகருக்கு வரும் பஸ்ஸைத் திட்டிக்கொண்டே பூட்ஸைக் கழற்றினாள்.

"குறை நினைக்காதேங்கோ அன்ரி, பஸ் பிந்திப்போச்சு. அங்கிள் கதைக்க ரெடியோ?"

"ரெடியாதான் இருக்கார். எது ஞாபகம் வருதோ அதைக் கேட்டுக்கோம்மா."

எண்பதுகளில் கணவன் மனைவி இருவரும் ஒரே சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அன்றைய மேசைக் கணினி தனிக்கட்டை. பக்கத்தில் இன்னொரு கணினி இருப்பதே அதன் இயங்குதளத்துக்குத் தெரியாது. அதற்கு அக்கம்பக்கத்தோடு பழகக் கற்றுக்கொடுப்பதுதான் கம்பெனியின் வேலை. ஒரே சேமிப்பு வட்டில் இருக்கும் கோப்புகளைப் பல கணினிகள் திறக்கும்படி சுந்தரராஜன் செய்தார். ஆனால் ஒரே கோப்பை இரண்டு பேர் திறந்தால் என்ன ஆகும் என்று மனுஷன் யோசிக்கவே இல்லை. கடைசியாகச் சேமித்தவர் எழுதியது நிற்கும், மற்றவர் எழுதியது காற்றோடு போகும். அதை முதலில் வாங்கிய சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் இரண்டு குமாஸ்தாக்கள் ஒருவர் வேலையை ஒருவர் அழித்து, அடித்துக்கொள்ளாத குறை.

அதற்குப் பூட்டாக ஒரு நிரல் எழுதியவள் வசந்தகுமாரி. முதலில் திறந்தவர் எழுதலாம், அடுத்தவர் படிக்க மட்டும் செய்யலாம், கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதும் திரையில் தெரியும். மகள் தாராவை வயிற்றில் சுமந்துகொண்டு, வாந்தியும் மயக்கமுமாக அந்தக் குளிர்காலம் முழுக்க எழுதினாள். அவள் பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது டொராண்டோ மாநாட்டில் அதைப் பற்றிப் பேசியவர் சுந்தரராஜன். அச்சான கட்டுரையில் அவர் பெயர் மட்டும்தான். "அடுத்த தடவை சேர்த்துடலாம்" என்றார். இலவு காத்த கிளியாகக் கொஞ்ச காலம் இருந்தாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். விட்டாளே தவிர மறக்கவில்லை. மறக்கிற வேலையை இப்போது அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

சாம்பவி ரெக்கார்டரை மேசையில் வைத்தாள். "அங்கிள், ஒரே ஃபைலை ரெண்டு பேர் திறந்தா என்ன செய்யிறது எண்டு எப்பிடி முடிவெடுத்தனீங்கள்? அந்தக் கட்டுரை உங்கட பேரிலதான் இருக்கு."

சுந்தரராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரொம்ப சிம்பிள். யார் கடைசியா சேவ் பண்றாங்களோ அவங்களுதுதான் நிக்கும். எவ்ளோ அழகான ஐடியா!"

வசந்தகுமாரி கொண்டுவந்த டீயை மேசையில் டங்கென்று வைத்தாள். எடுத்துக்கொண்ட பொருளை ஒழுங்காக வைத்திருக்கவாவது கூடாதா? பேசாமல் இருந்தால் அவள் பட்ட பாடு இன்றோடு ஒழிந்தது, காப்பகப் பதிவில் பூட்டைப் பற்றிப் பேச்சே இருக்காது. பேசினால் அயல் பெண் முன்னால் அவர் முகம் சுண்டிப்போகும். முகம் சுண்டினால் இப்போதெல்லாம் சாப்பாட்டைத் தொடமாட்டார், கெஞ்சி ஊட்டுவதும் இவள்தான். போகட்டும், ஊட்டிக்கொள்ளலாம்.

"அது தப்பும்மா," என்றாள். "அப்படி இருந்ததாலதான் எல்லார் வேலையும் அழிஞ்சுது. அதுக்குப் பூட்டு போட்டது நான். மொத்தமும் நான் எழுதினது."

"அன்ரி, நீங்களோ? ஆனா கட்டுரையில..."

"என் பேர் இல்ல. தெரியும்."

கணவரின் பக்கம் திரும்ப அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவர் சிரித்தார்.

"வசந்தாதான்! வேற யாருக்கு அவ்ளோ மூளை? டொராண்டோல மேடை ஏறினதும் முதல்ல இவ பேரைத்தானே சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. நீகூட முன்வரிசையில உக்காந்திருந்தியே, நீலப் பொடவையில."

அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

சாம்பவி தயங்கினாள். "அன்ரி, பதிவில இதையும் வைக்கட்டோ?"

"பூட்டு நான் எழுதினது, அது நிஜம். அதை வச்சுக்கோ. மத்தது நடக்கலைம்மா."

சுந்தரராஜனின் சிரிப்பு நின்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கை மேசைமேல் நகர்ந்து அவள் விரல்களைத் தேடியது.

"நடக்கலையா? நான் உன் பேரைச் சொல்லலையா, வசந்தா?"

இந்தக் கேள்வியை அவர் கேட்க மாட்டாரா என்று அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள். பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள், நறுக்கென்று, அவர் தலை குனியும்படி. அதைக் கேட்க வேண்டிய ஆள் இப்போது இங்கே இல்லை. அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு கிழவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"சொன்னீங்க," என்றாள். "டீ ஆறிடுது, குடிங்க."