ஆளுக்கு ஒரு சொட்டு

மூக்கு நுனியில் பரு கிளம்புவதற்கு வருடத்தில் எத்தனையோ நாட்கள் இருந்தும், இளையவனுக்கு அது இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் கிளம்பியது.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். எதிரே இருந்த வங்கியின் அதிகாரி ஒருத்தி, பிரேம் வளைந்துவிட்டது என்று வாரம் தவறாமல் வருவாள். அவன் நிமிர்த்தி மாட்டிவிட்டு, "காதோரம் அழுத்துதா மேடம்?" என்பான். "இல்ல சார்" என்பாள். காதல் என்று சொல்லக் கூச்சப்படும் அளவுக்கு மரியாதையாக இப்படியே ஒரு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். நாளைக்குக் கிளம்புகிறாள். போவதற்கு முன் உங்கள் வீட்டுக்கு ஒருமுறை வருகிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள். மனதில் இருப்பதை அவளிடம் சொல்ல அவனுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு மாலைதான்.

"மூக்கு மேல சிக்னல் விளக்கு எரியுது. இதோடயா தம்பி அந்தப் பொண்ணு முன்னால போய் நிக்கப் போறீங்க?" என்றாள் அண்ணி.

அண்ணி நறுமண எண்ணெய் விற்பவள். விரல் நீளத்துக்குப் பழுப்பு பாட்டில்கள், அலமாரி முழுக்க. காய்ச்சல், கோபம், கணவன் பேச்சுக் கேட்காதது என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் காரணம் ஒன்றுதான், உடம்பில் தங்கிய நச்சு. மருந்தும் ஒன்றுதான், ஆவி பிடிப்பது. ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு துண்டுச்சீட்டு வரும். அதை அவள் படித்ததே இல்லை. வாங்குகிறவர்கள் பயந்துவிடக் கூடாது என்று, பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகக் கசக்கிப் போட்டுவிடுவாள்.

"முகம் எரியாதா அண்ணி?"

"இயற்கை தம்பி. இயற்கை யாருக்கும் கெடுதல் பண்ணாது."

"எருக்கம்பாலும் இயற்கைதானே?"

"அதை யாராவது இவ்ளோ அழகான பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்களா?"

அவன் சட்டைக்கு இஸ்திரி போடப் போனான்.

அந்த வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒருவர் செய்து முடித்த காரியத்தை இன்னொருவர் நம்பமாட்டார். டீயில் ஆளாளுக்குச் சர்க்கரை விழும். பால்கனியில் இருந்த ரோஜாச் செடிக்கு அம்மா, அண்ணன், அண்ணி மூன்று பேரும் தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றி, வேர் அழுகி அது செத்துப்போனது. செத்த பிறகும் சில நாள் ஊற்றினார்கள். "நீ ஊத்திட்டியான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்பார்கள். வாயைத் திறந்து கேட்டால் தெரிந்துவிடும் என்பது யாருக்கும் தோன்றியதில்லை. பாசம் கூடிப்போன வீடுகளில் இப்படி நடப்பதுண்டு.

அண்ணி கொதிக்கக் கொதிக்க வெந்நீரை இறக்கி வைத்து, லேவெண்டரைத் தாராளமாக விட்டாள். போன் அடித்தது, போய்விட்டாள். அந்தப் பக்கம் வந்த அண்ணன் பாத்திரத்தை முகர்ந்து பார்த்தார். வெறும் பூ வாசனை. இது எந்தப் பருவைக் கரைக்கும் என்று யூகலிப்டஸ் பாட்டிலைக் கவிழ்த்தார். அடுத்து அம்மா. மகனுக்கு நல்லபடியாக முடியவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, 'குளிர்ச்சி தரும்' என்று எழுதியிருந்த பெப்பர்மின்டைத் தன் பங்குக்கு ஊற்றினாள்.

இளையவன் வந்து உட்கார்ந்தான். அண்ணி அவன் தலையோடு சேர்த்துப் பாத்திரத்தையும் போர்வையால் மூடினாள்.

"நல்லாக் குனிங்க. மூக்கு தண்ணியத் தொடணும். கண்ணைத் திறந்தே வைங்க, அங்கயும் நச்சு இருக்கும்."

முதல் மூச்சில் தொண்டை அடைத்தது. இரண்டாவது மூச்சில் கண்ணுக்குள் மிளகாய்த்தூளைக் கொட்டியது போலிருந்தது. மூன்றாவதை இழுக்க அவன் அங்கே இல்லை. போர்வை ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம், அவன் சுவரோரம் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"பாத்தீங்களா, நச்சு எப்படி வெளிய வருதுன்னு" என்றாள் அண்ணி, பெருமையாக.

"அது கண்ணீர் அண்ணி."

வாசல் மணி அடித்தது.

ஒரு வருடமாக வாராவாரம் பார்க்கக் காத்திருந்த முகம் வீட்டு வாசலில் நின்றபோது, இளையவனுக்குக் கண்ணே திறக்கவில்லை. குரலை வைத்துத்தான் அவள் என்று தெரிந்தது.

"என்ன சார் ஆச்சு? முகமெல்லாம் வெந்திருக்கு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போய், முகம் கழுவும் தொட்டியில் குனியவைத்துக் குழாயைத் திறந்தாள்.

"தண்ணி கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கட்டும். சிமிட்டுங்க. தேய்க்கவே கூடாது. எரிச்சல் அடங்கலன்னா நேரா கண் டாக்டர்தான்." பிறகு திரும்பி, அண்ணியின் கையில் இருந்த எண்ணெய் பாட்டிலைக் காட்டி, "இதோட ஒரு சீட்டு வருமே, அது எங்க?" என்றாள்.

பிரிக்காத பெட்டி ஒன்று கிடைத்தது. பொடி எழுத்துகளை விடாமல் படிப்பது அவள் தொழில். சத்தமாகப் படித்தாள். அகலமான பாத்திரத்துக்கு ஓரிரு சொட்டுக்கு மேல் கூடாது. எண்ணெய் நீரில் கரையாது, மேலே மிதந்து சூட்டில் ஒரேயடியாகக் கிளம்பும். தண்ணீர் சற்று ஆறிய பிறகு, ஒரு முழம் தள்ளி, கண்ணை இறுக மூடிச் சில நிமிடம் மட்டும். யூகலிப்டஸ், பெப்பர்மின்ட் போன்ற காரமானவை முகத்துக்கு ஆகாது. குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கவும். எரிந்தால் உடனே நிறுத்தவும்.

"நான் லேவெண்டர் மட்டுந்தான் விட்டேன்" என்றாள் அண்ணி.

"நானும் கொஞ்சந்தான்" என்றார் அண்ணன்.

"கொஞ்சம்னா?" என்றாள் அண்ணி.

"நீ போட்டிருப்பேன்னு எனக்கென்ன தெரியும்?"

அம்மா பெப்பர்மின்ட் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்று பேரும் கதவுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். காதுகள் மட்டும் ஒதுங்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கண்ணைத் திறந்துகொண்டு சொல்லவே முடியாத ஒன்றை, மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் என்று இளையவனுக்குத் தோன்றியது.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"போகாதீங்க."

அவள் முகம் எப்படி மாறியது என்று பார்க்க வழியில்லை. பார்த்திருந்தால் அடுத்த வார்த்தையை விழுங்கியிருப்பான். "எனக்கு உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்" என்றான் தொட்டியைப் பார்த்து.

"போகாம இருக்க முடியாது. பதவி உயர்வு. ராப்பகலாப் படிச்சு வாங்கினது." அவன் தலையை இன்னும் கொஞ்சம் குனியவைத்து, "வாராவாரம் அந்த பிரேமை நானேதான் வளைச்சேன். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா நிமிர்த்திக் குடுத்தீங்க."

"அது என் வேலை மேடம்."

அவள் குழாயைக் கொஞ்சம் குறைத்தாள். "அந்த ஊர்ல யாரும் கண்ணாடி போடறதில்லையா என்ன? அங்கயும் கடை இருக்கும்ல?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கதவு பேசியது.

"அவனுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதும்மா."

"முதலாளிகிட்ட முதல்ல நான் பேசிப் பாக்கறேன்."

"அந்த ஊர்த் தண்ணி தோலுக்கு ஆகாதே."

"கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருங்க" என்றான் இளையவன். அந்த வீட்டில் அவன் குரல் உயர்ந்தது அதுவே முதல்முறை. "இது என்கிட்ட கேட்ட கேள்வி."

கதவு அடங்கியது.

"வரேன்" என்றான். "அடுத்த மாசமே வரேன்."

வெளியே அண்ணி போனில் யாருக்கோ மெல்லிய குரலில் வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்துகொண்டிருந்தாள். "ஒரே தடவைதான் ஆவி பிடிச்சாங்க, என் கொழுந்தனுக்குக் கல்யாணமே கூடி வந்திருச்சு."

இளையவன் நிமிர்ந்து, மெதுவாக இமைகளைப் பிரித்தான். எதிரே கலங்கலாக இரண்டு மேடம்கள் நின்றிருந்தார்கள். இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.